க்ளொக் 19: 1988ஆம் ஆண்டுப் பிஸ்டலை இன்னும் ஏன் தேடி வாங்குகிறார்கள்?

உவர்மலையான் (திருகோணமலை)

எல்லோருக்கும் வணக்கம். அண்ணன் மகன் சுவிஸில், பேர்ண் பக்கம் இருக்கிறான். அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவன், குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினன். அங்கே ஒரு பெரியவர் தன்னுடைய பழைய க்ளொக் 19ஐ விற்கப் போகிறாராம். மூன்றாம் தலைமுறை, அதாவது கொம்பனி விட்ட மூன்றாவது திருத்த வடிவம் என்கிறார்கள். இன்னும் கொஞ்சம் காசு போட்டால் புதிய ஐந்தாம் தலைமுறையே கிடைக்கும். ஆனால் பொடியனுக்குப் பழையதில்தான் கண். "சித்தப்பா, நீங்கள் இரும்போடு வாழ்ந்தவர், பார்த்துச் சொல்லுங்கோ" என்று படம் படமாக அனுப்புகிறான்.

நான் லேத் பட்டறைக்காரன். உருக்கைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். துவக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது, இந்த ஊரில் என் வயதுக்காரர் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: சோதனைச் சாவடியில் அடுத்தவன் தோளில் தொங்கியதைப் பார்த்தது. படத்தில் இருக்கும் சாமானில் அழகு மருந்துக்கும் இல்லை. சதுரம், கறுப்பு, பாதி பிளாஸ்டிக். இதைவிட மெல்லியது, இலேசானது, விலை குறைந்தது எல்லாம் வந்துவிட்டதாமே. பிறகும் ஏன் இதையே கேட்கிறார்கள்? பொறிமுறை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மூதூரான் (பேர்ண்)

அண்ணை, உங்கள் பெறாமகன் எந்தக் கழகம் என்று தெரியவில்லை, ஆனால் அந்தப் பெரியவரைப் போல ஒருவர் இங்கே எல்லாக் கழகத்திலும் இருக்கிறார்.

முதலில் கதை. 1980 வாக்கில் ஒஸ்திரியா இராணுவம் பழைய வோல்தர் பி38 பிஸ்டலை மாற்ற நினைத்தது. காஸ்டன் க்ளொக் என்பவர் வியன்னாவுக்குப் பக்கத்தில் டொய்ச்-வாக்ரம் என்ற ஊரில் திரைச்சீலைக் கம்பி செய்தவர், பிறகு இராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தவர். துப்பாக்கி செய்த அனுபவம் கிடையாது. அந்தப் போட்டியில் பெரெட்டா, சிக், ஹெக்லர் கோக் எல்லாம் இருந்தன, ஒஸ்திரியாவின் சொந்தக் கொம்பனியான ஸ்டையரும் இருந்தது. எல்லோரையும் தாண்டி இவருடைய பிஸ்டல் 1982இல் பி80 என்ற பெயரில் சேவைக்கு வந்தது. அதுதான் க்ளொக் 17. அதன் குழலையும் பிடியையும் கொஞ்சம் குறைத்து 1988இல் வெளியிட்டதுதான் உங்கள் 19.

இனி உங்கள் கேள்வி. 17இன் குழல் 114 மில்லிமீற்றர், 19இன் குழல் 102. ரவைக்கூட்டில் 17க்குப் பதில் 15. குறைத்தது இவ்வளவுதான். ஆனால் அந்தக் குறைப்பு சரியான இடத்தில் நின்றது. பிடியில் மூன்று விரலும் முழுதாக உட்காரும், அதே நேரம் மேற்சட்டைக்குள் மறையும். 1995இல் இன்னும் சின்னதாக 26 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதில் சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும். பெரியதை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார முடியாது, சின்னதை வைத்துக்கொண்டு சுட முடியாது. இடையில் இருந்தது 19.

துல்லியம் வேண்டுமா, சிக் பி210 இருக்கிறது. 1949இல் சுவிஸ் இராணுவத்துக்கு வந்த முழு உருக்கு. எங்கள் கழகத்துக் கிழவர்கள் அதைக் கோயில் விக்கிரகத்தைத் துடைக்கிற கவனத்தோடு துடைப்பார்கள். விசை (விரலால் இழுக்கும் ட்ரிகர்) இழுப்பில் 19 அதற்குக் கிட்டவும் வராது. எதிலும் முதலிடம் இல்லாதது இந்தப் பிஸ்டல். எல்லாவற்றிலும் இரண்டாமிடம். என் கணக்கில் அதன் பலமே அதுதான்.

அச்சுவேலை (கொழும்பு, சொந்த ஊர் தம்பலகாமம்)

பிளாஸ்டிக் என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள் ஐயா. நான் ஊசி வார்ப்பு அச்சுத் தொழிலில் இருப்பவன். துப்பாக்கி என் துறை இல்லை, ஆனால் அந்தச் சட்டகம் என் துறை.

அது நைலோன் இனத்துப் பல்படிமம். பிளாஸ்டிக் சட்டகத்தில் பிஸ்டல் செய்தவர்களில் க்ளொக் முதலாமவர் இல்லை. ஹெக்லர் கோக் 1970இலேயே விபி70 என்று ஒன்றை விட்டது. அதன் விசையை இழுக்கவே ஒரு பலம் வேண்டும் என்பார்கள், அதனால் எடுபடவில்லை. க்ளொக் செய்த கெட்டித்தனம் எங்கே என்றால், சிலைட், அதாவது மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம், ஓடுகிற இடத்தில் நான்கு சிறு உருக்குத் துண்டங்களை வார்க்கும்போதே உள்ளே பதித்துவிட்டார். தேய்மானம் உருக்கோடு உருக்குக்கு. அதிர்வைத் தாங்குவது நைலோன். சுடும்போது சட்டகம் நெளிவதை வேகப் படப்பிடிப்பில் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் நெளிந்து திரும்பி வருவதுதான் அதற்குக் கொடுத்த வேலை.

நைலோன் காற்றிலுள்ள ஈரத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். உண்மையில் முற்றாகக் காய்ந்த நைலோன் உடையக்கூடியது, அளவான ஈரம் இருந்தால்தான் அடி தாங்கும். எங்கள் தொழிற்சாலையில் வார்த்த நைலோன் துண்டுகளைத் தண்ணீரில் ஊறப்போடுவதைப் பார்த்து புதுப் பொடியன்கள் சிரிப்பார்கள்.

செலவையும் மறக்க வேண்டாம். உருக்குச் சட்டகத்தைக் கடைந்து எடுக்க எவ்வளவு நேரம் என்று உவர்மலை ஐயாவுக்குத் தெரியும். அச்சில் ஒரு சட்டகம் நிமிடக் கணக்கில் விழும்.

உவர்மலையான்

நிமிடக் கணக்கா! நான் ஒரு பம்பு உருளை கடைவதற்குள் நீங்கள் ஒரு பட்டாளத்துக்கே செய்துவிடுவீர்கள் போல. சரி, சிலைட் எப்படி? படத்தில் பார்த்தால் ஒரே கட்டியில் அரைத்து எடுத்தது மாதிரி இருக்கிறது.

மூதூரான் (பேர்ண்)

ஆம் அண்ணை, உருக்குக் கட்டியில் அரைத்து எடுப்பதுதான். குழலும் சிலைட்டும் பூட்டும் முறை பிறௌனிங் என்ற பழைய துப்பாக்கி வடிவமைப்பாளரின் வழி, குழலின் பின்பக்கம் சாய்ந்து இறங்கும். ஆனால் பழைய பிஸ்டல்களில் குழலின் முதுகில் வெட்டுகள் இருக்கும், சிலைட்டின் உள்ளே அதற்குப் பொருந்தும் வெட்டுகள் இருக்கும். இதில் அது கிடையாது. குழலின் பின்பகுதி சதுரக் கட்டை, அது சுட்ட ரவையின் வெற்றுக் கோது வெளியேறும் வாசலிலேயே போய் மாட்டிக்கொள்ளும். அரைக்க வேண்டிய நுணுக்கமான இடங்கள் குறைகின்றன. 17இன் மொத்தப் பாகங்கள் 34 என்பார்கள், 19உம் கிட்டத்தட்ட அதே உடம்புதான். குழலின் உள்ளே வழக்கமான கூர்மையான சுருள் வெட்டு இல்லாமல் மழுங்கிய அறுகோணம். அதனால் வெறும் ஈய ரவை போட வேண்டாம் என்று கொம்பனியே சொல்கிறது, ஈயம் படியும்.

கிண்ணியா நானா

தம்பிமார் பொறிமுறை பேசுகிறீர்கள், நான் உப்பைப் பற்றிப் பேசுகிறேன்.

கப்பல் காவல் வேலையில் செங்கடலும் ஏடன் வளைகுடாவும் போய் வந்தவன் நான். எங்கள் கையில் இருந்தவை ரைபிள்கள், பிஸ்டல் இல்லை. காலையில் எண்ணெய் போட்டுத் துடைத்தால் பின்னேரம் ஆணித்தலையில் செம்மண் நிறம் வந்துவிடும். உப்புக் காற்று இரும்பை மன்னிக்காது. உள்துறைமுகத்தில் கட்டியிருக்கும் வள்ளங்களின் சங்கிலியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

க்ளொக்கின் சிலைட்டையும் குழலையும் ரெனிஃபர் என்ற முறையில் பதப்படுத்தினார்கள். மேலே பூசுகிற மை இல்லை. சூடான உப்புக் குளியலில் நைதரசனும் காபனும் உருக்கின் தோலுக்குள்ளேயே போகும். மேலே உள்ள கறுப்பு தேய்ந்து போனாலும் கீழே பாதுகாப்பு இருக்கும். உவர்மலையார் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தேய்ந்த இடம் இருந்தால் அதற்காக விலையைக் குறைக்கச் சொல்லலாம், பயப்பட வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கும் சின்னச் சின்னச் சுருள்வில், ஊசி எல்லாம் அந்தக் குளியல் காணாதவை. துரு பிடித்தால் அங்கேதான் பிடிக்கும். அதைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய சாமானை ஏன் விடமாட்டார்கள் என்று கேட்டீர்கள். நம்ம கரையில் பழைய யமஹா வெளியிணைப்பு எஞ்சினை ஏன் விடவில்லை? புதுசு வந்தது, எண்ணெய் குறைவாகக் குடிக்கும், சத்தமும் குறைவு. ஆனால் பழையது கடலில் நின்றுபோனால் கரையில் எவனும் திறந்து பார்ப்பான், சாமான் எந்தக் கடையிலும் கிடைக்கும். அவ்வளவுதான்.

கொட்டியாரக்கரை (மூதூர்)

வாசித்துக்கொண்டே வந்தேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். நம்ம மாவட்டத்தில் துவக்கால் ஆள் போகாத தெரு எது? நீங்கள் எல்லோரும் கைக்கடிகாரம் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசுகிறீர்கள். ரவைக்கூட்டில் பதினைந்து, பதினேழு என்கிறீர்கள். எனக்கு அந்த எண்கள் வேறு மாதிரிக் கேட்கின்றன.

உவர்மலையான்

பிள்ளை, கோபம் ஏன்? நீங்கள் சொல்வதும் சரிதான். என் வீட்டு மதிலில் இன்னும் பூசாத ஓட்டைகள் இருக்கின்றன, வேண்டுமென்றே பூசவில்லை. பொடியன் வேறு நாட்டில் வளர்ந்தவன், அவனுக்கு அது கடதாசியில் வட்டம் பார்த்து ஓட்டை போடுகிற விளையாட்டு. அவன் எதை வாங்குகிறான் என்று தெரியாமல் தலையாட்டுவதை விட, தெரிந்துகொண்டு பேசலாம் என்றுதான் இழையைத் தொடங்கினேன்.

மூதூரான் (பேர்ண்)

நானும் மூதூர்தான் தங்கச்சி. சுவிஸ் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. சில நாடுகளின் குடிமக்கள் இங்கே ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. துருக்கி, அல்ஜீரியா, கொசோவோ என்று போகிற அந்தப் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. சிவப்புக் கடவுச்சீட்டு கைக்கு வரும்வரை நான் கழகத்தில் வேடிக்கை மட்டும் பார்த்தேன். அந்தப் பட்டியலில் நம் நாட்டின் பெயரை முதலில் பார்த்தபோது வந்த எரிச்சல் பிறகு போய்விட்டது. ஏன் போட்டார்கள் என்று நமக்கே தெரியும்.

(இந்த இடத்தில் இருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது.)

மட்டுறுத்துநர்

இலங்கையில் எங்கே, எப்படி எடுக்கலாம் என்ற கேள்விகளுக்கு இங்கே இடமில்லை. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது, உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். தற்காப்புக்காகக் கொடுத்திருந்த துப்பாக்கிகளைக்கூட 2024 இறுதியில் மீளாய்வுக்கு ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு சொன்னது. வரலாறு, பொறிமுறை, வெளிநாட்டு விளையாட்டு என்ற எல்லைக்குள் பேசுங்கள்.

ஸ்காபரோ அக்கா

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் இடிக்கிறேன்.

கனடாவில் 105 மில்லிமீற்றரும் அதற்குக் குறைவுமான குழல் உள்ள கைத்துப்பாக்கி தடைசெய்த வகை. 19இன் குழல் 102. மூன்று மில்லிமீற்றரில் மாட்டிக்கொண்டது! அதனால் க்ளொக் கனடாவுக்கென்றே 106 மில்லிமீற்றர்க் குழல் போட்டு ஒரு 19ஐ விற்றது. சிலைட்டுக்கு வெளியே மூக்கு கொஞ்சம் நீண்டிருக்கும். ரவைக்கூடும் பத்துக்கு மேல் ஏற்றாது. ஒரு கொம்பனி ஒரு நாட்டுச் சட்டத்துக்காகக் குழலையே மாற்றிக் கொடுக்கிறது என்றால் அந்த அளவுப் பிஸ்டலுக்கு எவ்வளவு கேள்வி இருந்திருக்கும் என்று பாருங்கள். இப்போது அந்தக் கதையும் முடிந்தது. 2022 ஒக்ரோபர் 21 முதல் தனிமனிதர்கள் கைத்துப்பாக்கி வாங்குவது, விற்பது எல்லாம் நிறுத்தம். இருப்பவர்கள் வைத்துக்கொண்டு சுடலாம், அவ்வளவுதான்.

என் குறை மூன்றாம் தலைமுறையின் பிடியில்தான். 1998 வாக்கில் முன்பக்கம் விரல் பள்ளங்கள் வைத்தார்கள், கீழே விளக்கு மாட்டத் தண்டவாளமும் வைத்தார்கள். அந்தப் பள்ளங்கள் யாருடைய விரலை அளந்து வைத்தவை என்று தெரியவில்லை, என் விரல் மேட்டில்தான் உட்காரும். சிறிய கைக்காரர்களுக்கு அது தண்டனை. 2010இல் நான்காம் தலைமுறையில் பிடியின் பின்முதுகை மாற்றும் வசதி வந்தது. 2017இல் ஐந்தாம் தலைமுறையில் விரல் பள்ளத்தையே எடுத்துவிட்டார்கள். நான் சொன்னதைத்தான் அவர்களும் ஒத்துக்கொண்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொடியன் காசு கொடுக்க முன் பிடித்துப் பார்க்கட்டும். கையில் ஒட்டாததை எந்தப் புகழும் ஒட்டவைக்காது.

நிலாவெளி மச்சான்

நான் ஹெக்லர் கோக்கின் யூஎஸ்பி கொம்பக்ட் பிஸ்டல் கட்சி. 9 மி.மீ.யில் 13 ரவைதான், தடிப்பும் கூட. ஆனால் பின்னால் சுத்தியல் இருக்கிறது, பூட்டு நெம்புகோல் இருக்கிறது, கண்ணால் பார்த்தால் என்ன நிலையில் இருக்கிறது என்று தெரியும். ஜேர்மன் பொலிஸ் இதன் ஒரு வகையை பி10 என்று எடுத்தது. க்ளொக்கில் வெளியே ஒரு பூட்டும் கிடையாது. எப்படி நம்புவது?

மூதூரான் (பேர்ண்)

மச்சான், பூட்டு மூன்று இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. ஒன்று விசையின் நடுவில் உள்ள சின்ன நாக்கு, விரல் அதில் படாமல் விசை அசையாது. இரண்டாவது, ரவையைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியை உள்ளே மறிக்கும் கட்டை. மூன்றாவது கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும் அமைப்பு. விசையை இழுக்க இழுக்க மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக விலகும், விட்டால் திரும்பப் பூட்டும்.

ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இந்த அமைப்பு விரல் ஒழுங்கை நம்பியிருக்கிறது. விரலோ துணியின் மூலையோ விசையில் பட்டால் அது தன் வேலையைச் செய்யும். நியூயோர்க் பொலிஸ் இதற்குப் பயந்து தங்கள் பிஸ்டல்களுக்கு 12 இறாத்தல், அதாவது ஐந்தரைக் கிலோ அளவில் இழுக்க வேண்டிய விசையைப் போட்டது. சாதாரணமாக அது இரண்டரைக் கிலோ. விபத்தைக் குறைக்கப் போட்டது குறியைக் கெடுத்தது என்று அங்கே பெரிய விவாதம். இன்னொன்று, துப்புரவாக்கக் கழற்றும்போது விசையை இழுத்துத்தான் சிலைட்டை எடுக்க வேண்டும். குழலின் பின்பக்க ரவை அறையில் ரவை கிடப்பதைப் பார்க்காமல் இழுத்தவர்கள் உண்டு. எனக்கு இதில் பிடிக்காத ஒரே இடம் அது. எங்கள் கழகத்தில் கழற்ற முன் இன்னொருவர் அறையைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும்.

அச்சுவேலை

விமான நிலையத்தில் எக்ஸ்ரேக்குத் தெரியாத துப்பாக்கி என்று சின்ன வயதில் கேள்விப்பட்டோமே, அது இதுதானா?

மூதூரான் (பேர்ண்)

இதேதான், கதை முழுப் பொய். சிலைட், குழல், சுருள்வில் எல்லாம் உருக்கு, எடையில் எண்பது வீதத்துக்கு மேல். ரவையும் உலோகம். அந்தப் பீதியில் அமெரிக்கா 1988இல் கண்டறிய முடியாத சுடுகலன்களுக்கு எதிராகச் சட்டமே போட்டது, க்ளொக் அந்தச் சட்டத்துக்குள் விழவே இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு ஹொலிவூட் படம் "க்ளொக் 7" என்று இல்லாத ஒரு மொடலைச் சொல்லி அந்தப் பொய்க்கு மறுபிறவி கொடுத்தது. கொம்பனிக்கு இலவச விளம்பரம்.

கிண்ணியா நானா

விளம்பரம் சரி. ஆனால் விளம்பரத்தில் ஒரு சாமான் இத்தனை வருடம் நிற்காது. யார் யார் எடுத்தார்கள் என்று பாருங்கள். 2013இல் பிரித்தானிய இராணுவம் பழைய பிறௌனிங் பிஸ்டலை விட்டுவிட்டு 17க்குப் போனது. 2016இல் எஃப்பிஐ திரும்ப 9 மி.மீ.க்கு வந்தபோது 19எம் என்று இதன் ஒரு வகையை எடுத்தது. அமெரிக்கக் கடற்படையின் சீல் படையும் சிக்கை விட்டு 19க்கு வந்தது. சிக்கைப் பிடித்துப் பழகிய ஆட்கள் அவர்கள்.

நிலாவெளி மச்சான்

நானா, 2017இல் அமெரிக்க இராணுவப் போட்டியில் க்ளொக் தோற்றதை ஏன் சொல்லவில்லை? சிக் பி320தானே வென்றது.

மூதூரான் (பேர்ண்)

வென்றது. அதே வருடம் ஓகஸ்டில், பி320 கீழே விழும்போது வெடிக்கலாம் என்ற பேச்சு கிளம்பி, சிக் தானே முன்வந்து பாகம் மாற்றிக் கொடுக்கும் திட்டத்தை அறிவித்ததும் நடந்தது. தோற்ற க்ளொக், போட்டிக்குக் கொடுத்த மாதிரியை வைத்து 19எக்ஸ் என்று அடுத்த வருடமே சந்தைக்கு விட்டது.

உண்மையான போட்டி அங்கிருந்து வரவில்லை. 2018இல் சிக் பி365 வந்தது. 19ஐ விட எவ்வளவோ மெல்லியது, அதிலும் பத்து ரவை. அதுவரை "சின்னது" என்று சொல்லிக்கொண்டிருந்த 19 ஒரே நாளில் பெரியதாகிவிட்டது. தினமும் மறைத்துக்கொண்டு திரிகிற அமெரிக்கர்கள் பலர் அந்தப் பக்கம் போனார்கள். 19ஐ விடாதவர்கள் யார் என்று பார்த்தால் நிறையச் சுடுகிறவர்கள். மெல்லிய பிஸ்டலில் நூறு ரவை சுட்டால் உள்ளங்கை சொல்லும்.

மூன்றாம் தலைமுறைக்கென்று தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. அதன் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டன. அமெரிக்காவில் பல கொம்பனிகள் அதே அளவில் குழல், சிலைட், முழுப் பிஸ்டல் என்று செய்து தள்ளுகின்றன. கலிபோர்னியாவின் அனுமதிப் பட்டியலால் அங்கே பொதுமக்கள் கடையில் பல வருடம் புதிதாக வாங்க முடிந்ததும் மூன்றாம் தலைமுறைதான். இப்படித்தான் ஒரு பழைய மொடல் ஒரு தர அளவாகவே மாறிவிட்டது. உறை வாங்கப் போனால் 19க்கு இல்லாத கடை கிடையாது. 17இன் நீண்ட ரவைக்கூடு இதற்கும் பொருந்தும். நானா சொன்ன யமஹா கதை அப்படியே.

ஸ்காபரோ அக்கா

தம்பி, அது அமெரிக்காக் கதை. பேர்ண் பொடியனுக்கு அமெரிக்காச் சாமான் கடை எதற்கு?

மூதூரான் (பேர்ண்)

அக்கா விடமாட்டார். சரி, பேர்ண் கணக்குச் சொல்கிறேன். கழகத்துக்கு மட்டும் என்றால், வயது இளமை என்றால், ஐந்தாம் தலைமுறை. விசை சுத்தம், குழல் மாற்றியிருக்கிறார்கள், இடக்கைக்காரருக்கும் சிலைட் நெம்பு இருக்கிறது. பழையதை வாங்குவதற்கு ஒரே நியாயம் விலையும், அந்தப் பெரியவர் அதை எப்படி வைத்திருந்தார் என்பதும்தான். மூன்றாம் தலைமுறையில் மீள்வில், அதாவது சுட்டதும் சிலைட்டைத் திரும்பத் தள்ளும் வில், ஒற்றைச் சுருள். நான்காம் தலைமுறையில் இரட்டைச் சுருளுக்குப் போனபோது ஆரம்பத்தில் தகராறு வந்து 2011இல் மாற்றிக் கொடுத்தார்கள். ஒற்றைச் சுருளில் அந்தத் தலைவலி கிடையாது, மலிவாகப் புதிதும் கிடைக்கும். வாங்கிய கையோடு அதை மாற்றச் சொல்லுங்கள். சிலைட்டின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் முன்குறி, பின்குறி இரண்டையும் மாற்றட்டும். கொம்பனி போடுவது பிளாஸ்டிக் குறி, உறையில் உரசி உரசியே தேயும். இவ்வளவு யோசித்துச் செய்த பிஸ்டலில் அதை மட்டும் ஏன் அப்படி விட்டார்களோ.

கன்ரோன் (சுவிஸ் மாநில) பொலிஸின் வாங்கல் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது, தனியார் விற்பனைக்கும் அது வேண்டும். பெரியவருக்குத் தெரிந்திருக்கும்.

உவர்மலையான்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு அவனோடு கதைத்தேன். அக்கா சொன்னபடி பிடித்துப் பார்க்கச் சொன்னேன், பார்த்தானாம், விரல் பள்ளம் அவனுக்குச் சரியாக உட்காருகிறதாம். நானா சொன்னபடி உள்ளே கழற்றிப் படம் அனுப்பினான். ஒரு ஊசியில் மட்டும் துரு, மற்றதெல்லாம் சுத்தம். பெரியவர் மீள்வில் மாற்றிய திகதியைப் பெட்டிக்குள் துண்டுக் கடதாசியில் எழுதி வைத்திருக்கிறார். அப்படி எழுதி வைக்கிற மனிதரிடம் நான் லேத்தே வாங்குவேன்.

அனுமதிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டான். காசு யார் கொடுப்பது என்பதை அண்ணனும் அவனும் பேசித் தீர்க்கட்டும், நான் உருக்குக்கு மட்டும்தான் பொறுப்பு. மூதூரான் தம்பி, அந்தக் குறியை மாற்ற எந்த அளவுச் சாவி வேண்டும்? கேட்டு வைத்திருக்கிறான்.

மூதூரான் (பேர்ண்)

முன்குறிக்கு அடியில் இருந்து ஒரு சின்ன அறுகோணத் திருகு, அதற்கென்றே மெல்லிய சாவி விற்கிறார்கள். பின்குறி பக்கவாட்டில் தள்ளி எடுப்பது. சுத்தியலால் தட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள், கழகத்தில் தள்ளும் கருவி இருக்கும்.